ரிலேஷன், நார்மல் ஃபார்ம், கார்டினாலிட்டி: டேட்டாபேஸ் சொற்களுக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

கேள்வி இதுதான்: டேட்டாபேஸ் வடிவமைப்பு படிக்கும்போது வரும் ரிலேஷன், டியூப்பிள், நார்மலைசேஷன், கார்டினாலிட்டி போன்ற சொற்களை யார் வைத்தார்கள், பெயரைப் பார்த்தே பொருளைப் பிடித்துவிட முடியுமா?

சிலவற்றில் முடியும். பலவற்றில் பெயரை நம்பினால் தவறான முடிவுக்குத்தான் போவோம். கணிதத்திலிருந்து அப்படியே எடுத்தவை, சிலேடைக்காக வைத்தவை, கண்டுபிடித்த நாளின் பெயரை ஒட்டிக்கொண்டவை, வணிக முத்திரைச் சிக்கலால் எழுத்தைக் குறைத்தவை என எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. வேலையில் அடிக்கடி இடறும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு குறிப்பு: டேபிளின் கிடைவரிசையான ரோ என்பதை அப்படியே எழுதுகிறேன். செங்குத்து வரிசையைக் ‘காலம்’ என்று எழுதினால் நேரத்தைச் சொல்கிறேனா என்ற சந்தேகம் வரும் என்பதால் அதற்கு மட்டும் நெடுவரிசை.

முதலில் ரிலேஷன். ‘டேபிள்களுக்கு இடையே ரிலேஷன் இருப்பதால்தான் ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்ற விளக்கம் நேர்காணல்களில் சர்வ சாதாரணமாக வரும். அது தவறு. ஒரே ஒரு டேபிள் உள்ள டேட்டாபேஸும் ரிலேஷனல்தான். அந்த ஒற்றை டேபிள்தான் ரிலேஷன்.

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் இந்தக் கருத்தை 1969இல் உள் அறிக்கையாகவும், 1970 ஜூனில் ஏசிஎம் என்ற கணினியியல் அமைப்பின் இதழில் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர் அவர். சொல்லை எடுத்ததும் கணிதத்திலிருந்துதான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமான ‘உறவுகளும் சார்புகளும்’ படித்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். இரண்டு கணங்களின் கார்டீசியன் பெருக்கலை எழுதி, அதன் ஏதேனும் ஓர் உட்கணத்தை உறவு என்று அங்கே சொல்லித்தருகிறார்கள். காட் சொன்ன ரிலேஷன் அதே உறவுதான். இரண்டு கணங்களுக்குப் பதில் எத்தனை கணங்கள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது மட்டுமே வேறுபாடு.

100 பணியாளர் எண்கள், 80 பெயர்கள், 20 ஊர்கள் என்று மூன்று கணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்டீசியன் பெருக்கல் போட்டால் 1,60,000 சேர்க்கைகள் வரும். ‘எண் 7, பெயர் செல்வி, ஊர் கரூர்’ என்பது அவற்றில் ஒன்று. உண்மையில் நிறுவனத்தில் இருப்பதோ 100 பேர். அதாவது 1,60,000இல் 100 சேர்க்கைகள் மட்டுமே மெய். அந்த 100 சேர்ந்த உட்கணம்தான் ரிலேஷன். அதைக் காகிதத்தில் கட்டம் போட்டு எழுதினால் டேபிள் போலத் தெரிகிறது, அவ்வளவே. ஒவ்வொரு நெடுவரிசையிலும் வரத்தகுந்த மதிப்புகளின் கணத்தைக் காட் டொமைன் என்றார். பள்ளிக் கணக்கில் மதிப்பகம் (டொமைன்) என்பது முதல் கணத்துக்கு மட்டும் உரிய பெயர் என்பதால், அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ரிலேஷனின் ஒரு சேர்க்கையை, அதாவது ஒரு ரோவைக் குறிக்கும் டியூப்பிள் என்ற சொல்லுக்குத் தனி வேர் கிடையாது. ஐந்து சேர்ந்தால் க்வின்டியூப்பிள், ஆறு சேர்ந்தால் செக்ஸ்டியூப்பிள் என்று போகும் சொற்களின் வாலை வெட்டி, எத்தனை என்று சொல்லாத இடத்தில் ‘என்-டியூப்பிள்’ என்று கணிதக்காரர்கள் எழுதினார்கள். பிறகு ‘என்’ உதிர்ந்து வால் மட்டும் நின்றுவிட்டது.

இந்தப் பிறப்பைத் தெரிந்துகொள்வதால் நடைமுறைப் பயன் உண்டு. கணத்துக்கு இரண்டு குணங்கள்: உறுப்புகளுக்கு முன்பின் கிடையாது, ஒரே உறுப்பு இரண்டு முறை வராது. முதல் குணம், டேட்டாபேஸை வினவும் மொழியான எஸ்க்யூஎல்லின் டேபிளுக்கும் பொருந்தும். வரிசைப்படுத்தச் சொல்லும் ‘ஆர்டர் பை’ போடாத வினவலுக்கு ரோக்கள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஆயிரம் ரோ உள்ள சோதனைச் சூழலில் சேர்த்த ஒழுங்கிலேயே வந்துகொண்டிருக்கும். உற்பத்திச் சூழலில் சில ரோக்கள் அழிந்து காலியான இடத்தில் புதியவை உட்கார்ந்ததும், அல்லது இணையாகப் படிக்கும் திட்டத்தை டேட்டாபேஸ் தேர்ந்தெடுத்ததும் கலைந்துவிடும். இரண்டாவது குணத்தை எஸ்க்யூஎல் பின்பற்றவில்லை. ஒவ்வொரு ரோவையும் தனித்து அடையாளம் காட்டும் தலைமைச் சாவி இல்லாத டேபிளில் ஒரே ரோவை நான்கு முறை போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ‘டிஸ்டிங்க்ட்’ எழுதினால்தான் ஒன்றாக்கித் தரும். அதனால் கறாராகப் பேசுகிறவர்கள் எஸ்க்யூஎல் டேபிளை ரிலேஷன் என்று ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்படியானால் டேபிள்களுக்கு இடையே இருப்பதன் பெயர் என்ன? அது ரிலேஷன்ஷிப். இந்தச் சொல்லும் காட்டின் 1970 கட்டுரையிலேயே இருக்கிறது என்பதுதான் குழப்பம். நெடுவரிசைகளை இடத்தைக் கொண்டு அல்லாமல் பெயரைக் கொண்டு அடையாளம் காணும் ரிலேஷனை அவர் ரிலேஷன்ஷிப் என்று அழைத்தார். அந்தப் பொருள் நிற்கவில்லை. 1976இல் பீட்டர் சென் என்டிட்டி-ரிலேஷன்ஷிப் மாதிரியை வெளியிட்டபோது, இரண்டு என்டிட்டிகளுக்கு, அதாவது நாம் பதிவு செய்யும் பணியாளர், ஊர் போன்றவற்றுக்கு, இடையிலான தொடர்பை அதே சொல்லால் குறித்தார். அவர் படத்தில் என்டிட்டிக்குச் செவ்வகம், ரிலேஷன்ஷிப்புக்குச் சாய்சதுரம். இன்று எல்லோர் நாக்கிலும் இருப்பது சென் கொடுத்த பொருள்தான். தமிழில் இரண்டையும் ‘உறவு’ என்றே எழுதுகிறோம். பாடம் எழுதுகிறவர்கள் ஒன்றுக்கு உறவு, மற்றொன்றுக்குத் தொடர்பு என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஃபாரின் கீயிலும் பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அந்நியச் சாவி என்றதும் வேறொரு டேபிளைச் சுட்டுவது என்றுதான் தோன்றும். காட் எழுதிய வரையறையிலேயே, சுட்டப்படும் ரிலேஷனும் சுட்டும் ரிலேஷனும் ஒன்றாகவே இருக்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. பணியாளர் டேபிளில் உள்ள ‘மேலாளர் எண்’ அதே டேபிளின் தலைமைச் சாவியைச் சுட்டுவது அப்படிப்பட்டதுதான்.

ஒரே செய்தி பல இடத்தில் வராதபடி டேபிள்களைச் சீராக அமைப்பதான நார்மலைசேஷன் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுடனான உறவைச் சீராக்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், அவர் உறவுகளைச் சீராக்கலாம் என்றால் நானும் ரிலேஷன்களைச் சீராக்கலாம்தானே என்று வைத்தேன் என்று காட்டே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். சிலேடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் இடிக்கின்றன. நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் சீனாவுக்குப் போன ரகசியப் பயணம் 1971 ஜூலையில், நிக்சன் பீஜிங் போனது 1972 பிப்ரவரியில். 1970 ஜூன் கட்டுரையிலோ ‘நார்மல் ஃபார்ம்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது, ‘நார்மலைசேஷன்’ என்ற சொல்லும் இருக்கிறது. பல வடிவங்களில் எழுதக்கூடிய ஒன்றை ஒரே நியம வடிவுக்குக் கொண்டுவருவதை நார்மல் ஃபார்ம் என்பது கணிதத்திலும் தர்க்கத்திலும் அதற்கு முன்பிருந்தே வழக்கம். பேட்டியில் சொன்னது பின்னால் சேர்த்த சுவை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எண்கள் வந்த வழி எளிது. 1970இல் ஒரே ஒரு நார்மல் ஃபார்ம்தான் இருந்தது: ஒரு கட்டத்துக்குள் இன்னொரு டேபிள் இருக்கக்கூடாது. 1971இல் காட் மேலும் இரண்டைச் சேர்த்ததும் பழையது ‘முதல்’ ஆனது. மூன்றாவதில் ஓட்டை இருப்பது தெரிந்து 1974இல் பாய்ஸ்-காட் வடிவம் வந்தது. அதற்கு எண் கொடுத்திருந்தால் நான்காவதாக இருந்திருக்கும். மூன்றாவதைச் சரியாகச் சொல்லும் வடிவமாகவே அது கருதப்பட்டதால் பெயரோடு நின்றது. 1977இல் ரொனால்ட் ஃபேகின் நான்காவதையும் 1979இல் ஐந்தாவதையும் கொடுத்தார். இதில் ஒருவருக்கு அநியாயம் நடந்திருக்கிறது: பாய்ஸ்-காட் வடிவத்தின் வரையறையை 1971இலேயே இயன் ஹீத் எழுதியிருந்தார். அவர் பெயரில்தான் அது வழங்க வேண்டும் என்று டேட்டாபேஸ் நூலாசிரியர் கிறிஸ் டேட் சொல்லியும் யாரும் மாற்றவில்லை. முதலில் பரவிய பெயரே நிலைக்கும்.

கார்டினாலிட்டிதான் வேலையிடத்தில் அதிகம் சண்டை மூட்டும் சொல். மூலம் கணக் கோட்பாடு; ஒரு கணத்தில் எத்தனை உறுப்புகள் என்ற எண்ணிக்கை, ஒன்பதாம் வகுப்பில் ‘ஆதி எண்’ என்று படித்தது. டேட்டாபேஸ் துறையில் இது மூன்றாகப் பிரிந்துவிட்டது.

ரிலேஷனல் கோட்பாட்டில் டேபிளில் உள்ள ரோக்களின் எண்ணிக்கை கார்டினாலிட்டி, நெடுவரிசைகளின் எண்ணிக்கை டிகிரி. மூலப் பொருளுக்கு மிக நெருக்கமானது இதுதான். வகுப்பறைக்கு வெளியே அதிகம் காதில் விழாததும் இதுதான். டேட்டா மாடல் வரைகிறவர் சொல்லும்போது ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்குப் பல, பலவற்றுக்குப் பல என்பதைக் குறிக்கிறார். வினவல் வேகத்தைப் பார்க்கிறவர் சொல்லும்போது ஒரு நெடுவரிசையில் எத்தனை தனித்த மதிப்புகள் இருக்கின்றன என்று பொருள். அதே ஆள், வினவலை டேட்டாபேஸ் எந்தப் படிகளில் நடத்தும் என்று காட்டும் வினவல் திட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ‘கார்டினாலிட்டி கணிப்பு தவறு’ என்றால் அந்தப் படியிலிருந்து எத்தனை ரோ வெளியே வரும் என்ற மதிப்பீட்டைச் சொல்கிறார். அது முதல் பொருளுக்கே திரும்பிப் போகிறது.

இதனால் என்ன கெடும்? ‘ஆர்டர் டேபிளில் நிலை என்ற நெடுவரிசையின் கார்டினாலிட்டி குறைவு, இன்டெக்ஸ் வேண்டாம்’ என்று ஒருவர் எழுதிவைக்கிறார். இன்டெக்ஸ் என்பது தேடும் மதிப்புள்ள ரோவுக்கு நேராகப் போக உதவும் அகரவரிசை போன்ற பட்டியல். 10 லட்சம் ரோவில் நான்கே நிலைகள், சராசரியாக ஒரு நிலைக்கு இரண்டரை லட்சம் ரோ. இன்டெக்ஸ் வழியே போவதைவிட டேபிள் முழுவதையும் படிப்பதே மலிவு என்பது அவர் கணக்கு. மாடல் வரைகிறவர் இதை ஆர்டருக்கும் நிலைக்கும் உள்ள தொடர்பு பற்றிய குறிப்பாகப் படித்துப் படத்தைத் திருத்துவார். இன்னொரு பக்கம், தனித்த மதிப்புகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதும் போதாது. அந்த நான்கு நிலைகளில் ‘தோல்வி’ என்பது 200 ரோ மட்டும் என்றால், அந்த 200ஐத் தேட இன்டெக்ஸ் அருமையாக உதவும். ஆவணத்தில் கார்டினாலிட்டி என்று வெறுமனே எழுதாமல் ‘தனித்த மதிப்புகள்’, ‘ரோ எண்ணிக்கை’, ‘ஒன்றுக்குப் பல’ என்று நேராக எழுதிவிடுவது நல்லது.

தொடர்பின் ‘பல’ முனையைக் காட்டும் மூன்று விரல் குறியைக் காக்கைக் கால் என்கிறோம். 1976இல் அதை அறிமுகப்படுத்திய கோர்டன் எவரெஸ்ட் வைத்த பெயர் தலைகீழ் அம்பு. பார்த்தவர்களுக்குக் காக்கைக் கால் என்றே தோன்றியிருக்கிறது. அந்தப் பெயர்தான் நின்றது.

இனி பொருளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பெயர்கள். இவற்றில் ஹாலோவீன் சிக்கல்தான் தலைசிறந்தது. 1970களின் நடுவில், ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற சோதனை டேட்டாபேஸ் திட்டத்தில் டான் சேம்பர்லின், பாட் செலிங்கர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான் மூவரும் ஒரு மாற்ற ஆணையைச் சோதித்தார்கள்: 25,000 டாலருக்குக் குறைவாகச் சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் 10 சதவீதம் உயர்வு. ஆணை பிழையில்லாமல் முடிந்தது. பார்த்தால் எல்லோர் சம்பளமும் 25,000ஐத் தொட்டோ தாண்டியோ நின்றது. சம்பள நெடுவரிசையின் இன்டெக்ஸ் வழியே சிறியதிலிருந்து பெரியதாக ரோக்களைப் படித்து, படித்தவுடன் திருத்தியதுதான் காரணம். 10,000 வாங்கியவர் 11,000 ஆனதும் இன்டெக்ஸில் முன்னே நகர்ந்துவிடுவார்; படிக்கும் முனை அங்கே வந்ததும் மறுபடி அகப்படுவார். 25,000ஐ எட்டும்வரை இது ஓயாது. கண்டுபிடித்த நாள் மேலைநாட்டுப் பேய் வேடத் திருநாளான ஹாலோவீன், அதனால் அந்தப் பெயர். பேய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. தீர்வு, எந்த ரோக்களைத் திருத்துவது என்பதை முதலில் முழுவதும் படித்து ஒதுக்கிவைத்துவிட்டுப் பிறகு திருத்துவது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் வினவல் திட்டத்தில் காரணமில்லாமல் நிற்பது போலத் தெரியும் ‘ஈகர் ஸ்பூல்’ என்ற படி பல நேரம் இதற்காகத்தான் நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு மென்பொருளில் ஓர் ஆணை தான் எழுதிய புதிய பதிப்பைத் தானே பார்க்காது என்பதால் சிக்கல் எழுவதில்லை.

எஸ்க்யூஎல்லுக்கு 1974இல் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் வைத்த பெயர் சீக்வெல். அதற்கு முன் அவர்கள் உருவாக்கிய மொழி ஸ்கொயர். அதன் தொடர்ச்சி என்ற சிலேடையும் அதில் இருந்தது. சீக்வெல் என்பது பிரிட்டனின் ஹாக்கர் சிட்லி விமான நிறுவனத்தின் வணிக முத்திரை என்று தெரிந்ததும் உயிரெழுத்துகளை எடுத்துவிட்டார்கள். இன்றும் பாதிப் பேர் சீக்வெல் என்றே சொல்கிறார்கள். இரண்டு உச்சரிப்பும் நடக்கும்.

இன்டெக்ஸ்கள் பெரும்பாலும் எடுக்கும் மர வடிவமான பி-ட்ரீயில் பி என்றால் பைனரி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. பைனரி ட்ரீயில் ஒரு முனைக்கு இரண்டு கிளைகள். பி-ட்ரீயில் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். 1970இல் போயிங் ஆய்வகத்தில் இதை உருவாக்கிய ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் பி எதைக் குறிக்கிறது என்று விளக்கவே இல்லை.

சுருக்கெழுத்துப் பெயர்களில் விபரீதம் அதிகம். பரிவர்த்தனை என்பது முழுதாக நடக்க வேண்டிய, இல்லையென்றால் முழுதாக ரத்தாக வேண்டிய ஆணைத் தொகுதி. அதன் குணங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஏசிட் (அமிலம்) என்று 1983இல் தியோ ஹேர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் சுருக்கினார்கள். அமிலத்துக்கு எதிராகக் காரம் வேண்டுமே என்று எரிக் ப்ரூவரும் அவர் மாணவர்களும் 1990களில் வேறொரு குணத் தொகுதிக்குப் பேஸ் (காரம்) என்று பெயர் வைத்தார்கள். வேதியியல் சிலேடை சரியாக அமைந்தது. சிக்கல் சி என்ற எழுத்தில், அதாவது கன்சிஸ்டென்சி என்ற சொல்லில். ஏசிட்டில் உள்ள சி, பரிவர்த்தனை முடிந்ததும் நீங்கள் விதித்த கட்டுப்பாடுகள் மீறப்படாமல் இருப்பது. பல கணினிகளில் பரவிய டேட்டாபேஸ்கள் பற்றிய ப்ரூவரின் கேப் தேற்றத்தில் உள்ள சி, எல்லாக் கணினிகளிலும் கடைசியாக எழுதிய மதிப்பே தெரிவது. சொல் ஒன்று, பொருள் வேறு. ‘எங்கள் டேட்டாபேஸ் ஏசிட், ஆகவே ரெப்ளிகாவில் (நகலில்) படித்தாலும் புதிய மதிப்பே வரும்’ என்ற முடிவு இந்தக் குழப்பத்தில் பிறப்பது. ரெப்ளிகா சில விநாடி பின்தங்கியிருந்தாலும் ஏசிட்டின் சி மீறப்படுவதில்லை.

நோஎஸ்க்யூஎல் தன் பொருளையே மாற்றிக்கொண்ட பெயர். 1998இல் கார்லோ ஸ்ட்ரோஸி இதை வைத்தது ஒரு ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு. அதில் எஸ்க்யூஎல் மொழி மட்டும் இல்லை. 2009 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்துக்குச் சுருக்கமான பெயர் தேவைப்பட்டபோது அதே சொல் திரும்பி வந்து, ரிலேஷனல் அல்லாதவற்றின் பெயராயிற்று. அவற்றில் பல எஸ்க்யூஎல் போன்ற மொழியைச் சேர்த்துக்கொண்டதும் ‘எஸ்க்யூஎல் மட்டுமல்ல’ என்று விரித்தார்கள்.

டேபிள்களைத் தொகுத்து வைக்கும் ஸ்கீமா என்ற சொல்லை ஒரு டேட்டாபேஸ் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கட்டாயம் சரிபாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமாவும் டேட்டாபேஸும் ஒன்றே. ஆரக்கிளில் பயனரை உருவாக்கினால் அவர் பெயரிலேயே ஸ்கீமாவும் வந்துவிடும். போஸ்ட்கிரெஸில் ஒரு டேட்டாபேஸுக்குள் பல ஸ்கீமாக்கள். மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேட்டாபேஸை ஒரே வினவலில் ஜாயின் செய்த (இணைத்த) நிரலை, போஸ்ட்கிரெஸில் இரண்டு டேட்டாபேஸாகவே வைத்தால் ஓடாது. ஒரே டேட்டாபேஸில் இரண்டு ஸ்கீமாவாக மாற்ற வேண்டும்.

சரகேட் கீ, அதாவது ரோவை அடையாளம் காட்ட டேட்டாபேஸே உருவாக்கித் தரும் பதிலிச் சாவி, 1976இல் ஹால், ஓலெட், டாட் மூவரின் கட்டுரையில் வந்தது. 1979இல் காட் இதை எடுத்துக்கொண்டபோது, அதன் மதிப்பு பயனர் கண்ணில் படவே கூடாது என்றார். அந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே போதும். ஜிஎஸ்டி விதி 46இன்படி விலைப்பட்டியல் எண் தொடர் எண்ணாக, 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டில் தனித்ததாக இருக்க வேண்டும். தானாகக் கூடும் பதிலிச் சாவியை அப்படியே பில் எண்ணாக அச்சிட்டால், பாதியில் ரத்தான ஒவ்வொரு பரிவர்த்தனையும் ஓர் எண்ணை விழுங்கிவிடும். எண்களை வரிசையாக வழங்கும் சீக்வென்ஸ், கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்காது. 1042க்குப் பிறகு 1044 வந்தால் தணிக்கையில் கேள்வி வரும். பில் எண்ணுக்குத் தனி நெடுவரிசை வைத்து, எண் கொடுப்பதையும் பில் பதிவதையும் ஒரே பரிவர்த்தனைக்குள் செய்ய வேண்டும்.

நீங்களே நெடுவரிசைக்குப் பெயர் வைக்கும்போது ஐஎஸ்ஓ 11179 என்ற தரநிலை சொல்லும் அமைப்பு உதவும்: எந்தப் பொருள், அதன் எந்தக் குணம், எந்த வடிவில். ‘தேதி’ என்று வைக்காமல் ‘ஆர்டர் அனுப்பிய தேதி’, ‘தொகை’ என்று வைக்காமல் ‘பில் வரி தொகை’ என்பது போல. அலகு உள்ள இடத்தில் அலகையும் சேருங்கள். ‘காத்திருப்பு’ 30 என்றால் விநாடியா நிமிடமா என்று யாருக்கும் தெரியாது.

எஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிவைத்த சொற்களைத் தொடாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ‘யூசர்’ என்ற ஆங்கிலச் சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் நெடுவரிசைப் பெயராக ஏற்கும். பிறகு ஒருவர் மேற்கோளை மறந்து வினவினால் பிழை வராது. ஒவ்வொரு ரோவிலும் உள்நுழைந்தவரின் பெயரே வரும். பிழைச் செய்தி வராத தவறு என்பதால் நாள்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கும்.

பெயரின் நீள வரம்பையும் பாருங்கள். ஆரக்கிளில் 12.2 பதிப்புக்கு முன் 30 பைட். பழைய ஆரக்கிள் அமைப்புகளில் உயிரெழுத்தில்லாத விசித்திரப் பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். இப்போது 128 பைட். மைஎஸ்க்யூஎல்லில் 64 எழுத்து. போஸ்ட்கிரெஸில் 63 பைட், எழுத்து அல்ல. தமிழில் நெடுவரிசைப் பெயர் வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் மறுக்காது. ஆனால் எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ‘வாடிக்கையாளர்’ என்பதிலேயே 13 குறியீடுகள், 39 பைட். ‘வாடிக்கையாளர்_பிறந்த_தேதி’ 71 பைட் ஆகிறது. போஸ்ட்கிரெஸ் ஓர் அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு ‘வாடிக்கையாளர்_பிறந்த_த’ என்று வெட்டிவிடும். அதே டேபிளில் ‘வாடிக்கையாளர்_பிறந்த_தேசம்’ என்றும் ஒன்று வைத்தால் இரண்டும் ஒரே பெயராகி, டேபிளே உருவாகாமல் பிழை வரும். டேபிளின் பெயரே வாடிக்கையாளர் என்பதால் அந்த முன்னொட்டை எடுத்துவிட்டு ‘பிறந்த_தேதி’ என்று வைத்தால் 31 பைட்டில் முடிந்துவிடும்.